நடந்தால் கணுக்கால் வீங்குகிறது, நடையை நிறுத்திவிடலாமா?

கேட்டிருப்பவர் கொடைக்கானலில் இருக்கும் 47 வயது ஆசிரியை. மூன்று மாதமாகக் காலையில் ஏரியை ஒரு சுற்று நடக்கிறார். வீடு மேட்டில் இருப்பதால் போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். ஆறு வாரத்துக்கு முன்பு வலது கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் வலி ஆரம்பித்து, அங்கே ஒரு வீக்கமும் வந்திருக்கிறது. மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கி அவ்வப்போது போட்டுக்கொள்கிறார். போன மாதம் பிரஷர் ஏறியிருக்கிறது என்று மருத்துவர் அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார். இப்போது நடந்து வந்தால் இரண்டு காலும் அதைத்துப்போகின்றன, சாயங்காலம் கொலுசுத் தடம் தோலில் பதிகிறது. நடப்பதால்தானே இதெல்லாம், நிறுத்திவிடட்டுமா என்று கேட்கிறார்.

டீச்சர், நான் இதே ஊரில் இருபது வருடத்துக்கு மேலாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். நடையை நிறுத்த வேண்டியிருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் இப்போது நடக்கிற மாதிரியே தொடரவும் கூடாது. நீங்கள் ஒரே வீக்கமாக எழுதியிருப்பதை நான் இரண்டாகப் படிக்கிறேன். இரண்டு காலிலும் சமமாக வந்து, ராத்திரி படுத்து எழுந்தால் வடிந்துவிடுவது ஒன்று. வலது காலில் மட்டும், விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில், வலியோடு இருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. ஆனாலும் முதலாவதைக் கிளப்பிவிட்டதே இரண்டாவதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கால் மட்டும் கெண்டைக்கால் வரை வீங்கி, கனத்து, அழுத்தினால் வலித்து, சூடாகவும் இருந்தால், ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். சென்னைக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போய்வந்த பிறகு, ஆபரேஷனுக்குப் பிறகு, நாள்கணக்கில் படுக்கையில் கிடந்த பிறகு, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற காலத்தில் இதற்கு வாய்ப்பு கூடுதல். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு மேடு ஒன்று கையில் தட்டுப்படும். அங்கிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, இரண்டு கெண்டைக்காலையும் தையல் டேப்பால் சுற்றி அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. அளவு குறைவாக இருந்தாலும் மற்ற அறிகுறிகள் இருந்தால் போகத்தான் வேண்டும். அந்தக் காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. உறைந்த துண்டு நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கு ஆபத்து.

இரண்டு காலும் வீங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது மூச்சு. மலையில் இருக்கிற நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்றத்தில் மூச்சு வாங்குவது இங்கே எல்லாருக்கும் சகஜம் என்பதால், இதயம் தளர்ந்து வருகிற மூச்சுவாங்கலையும் அதில் சேர்த்து மறந்துவிடுகிறோம். அதே மேட்டை, அதே ஆளாக, போன பொங்கலுக்கு நிற்காமல் ஏறினீர்களா, இப்போது எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால், அல்லது மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். காலையில் எழும்போது இமையும் முகமும் உப்பி, சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. இல்லை என்பதாகவே எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

சரி, இரண்டு கால் வீக்கத்துக்கு வருவோம். கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பத்து வினாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால், தோலுக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். காலுக்கு இறங்கின ரத்தம் திரும்ப மேலே ஏற வேண்டுமென்றால் கெண்டைக்கால் சதை சுருங்கிப் பிழிந்துவிட வேண்டும். ஏறினது சரிந்து இறங்காமல் இருக்க அந்தக் குழாய்களுக்குள் வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது இந்தப் பம்ப் நன்றாகவே ஓடுகிறது. நடந்து முடித்த அடுத்த அரை மணி நேரத்தில்தான் தொந்தரவு. உழைத்த சதைக்கு ரத்தம் கொண்டுவந்த குழாய்கள் இன்னும் விரிந்தே இருக்கும், பம்ப் மட்டும் நின்றுபோயிருக்கும். அந்த நேரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் நீர் கசிந்து கணுக்காலில் தங்கும்.

இங்கே குளிர்காலத்தில் பாதிப்பேர் என்ன செய்கிறோம்? உறைபனியில் நடந்து வந்த கையோடு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாளி வெந்நீரில் காலை விடுகிறோம். இதமாகத்தான் இருக்கும். ஆனால் சூடு குழாய்களை இன்னும் விரிக்கும், கால் இன்னும் அதைக்கும். நடை முடிந்ததும் இதைச் செய்கிறவராக நீங்கள் இருந்தால், ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து, வீட்டுக்கு வந்ததும் பாயில் படுத்துக் காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்துக் கால்மணி நேரம் இருங்கள். குளிருக்குக் கம்பளியால் போர்த்திக்கொள்ளலாம்.

தைப்பூச சமயத்தில் பழனிக்கு நடந்து வருகிறவர்களுக்காக ஒட்டன்சத்திரம் சாலையோரம் போடும் முதலுதவிப் பந்தலில் சில வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். நாள்கணக்கில் நடந்து, தார்ச்சாலைச் சூட்டோடு வரும் கால்கள். வலி இருக்காது, சிவப்பு இருக்காது, இரண்டு பாதமும் ஒரே மாதிரி உப்பியிருக்கும். பந்தலில் மல்லாந்து படுத்து, துணிமூட்டை மேல் காலைப் போட்டு இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர்களுக்குக் கண் முன்னாலேயே வடிவதைப் பார்த்திருக்கிறேன். பெஞ்சில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே கண்ணயர்ந்தவர்களுக்கு வடியவில்லை. ஆரோக்கியமான காலிலேயே இவ்வளவு வரும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். அந்த மாதிரி நெடுநடையில் இன்னொன்றும் உண்டு. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிக் கை விரல்கூட உப்பும், தலை வலிக்கும், வாந்தி வரும், பேச்சு குழறும். ஏரியைச் சுற்றி நடக்கிற 5 கிலோமீட்டருக்கு அந்தக் கவலை வேண்டாம்.

ஆனால் உங்களுக்கு இந்த வீக்கம் மாத்திரை அளவு கூடின பிறகுதான் வந்திருக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். அம்லோடிபின் நல்ல மருந்து, பல லட்சம் பேரைப் பக்கவாதத்திலிருந்து காப்பாற்றுகிற மருந்து. அது ரத்தம் வருகிற சிறு குழாய்களைத் தளர்த்துகிறது, திரும்பிப் போகிற குழாய்களை அந்த அளவுக்குத் தளர்த்துவதில்லை. தண்ணீர் வருகிற வாய்க்காலை மட்டும் வெட்டி அகலப்படுத்திவிட்டு வடிகாலை அப்படியே விட்டால் வயலில் நீர் தேங்கும் இல்லையா, அதே கதைதான். அளவு கூடக்கூட இது கூடும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நீர் பிரிக்கும் மாத்திரை போட்டாலும் இந்த வகை வீக்கம் பெரிதாக வடியாது, உடம்பில் நீர் கூடிப்போனதால் வந்தது இல்லை என்பதால். அளவைக் குறைப்பது, டெல்மிசார்ட்டான் போன்ற இன்னொரு பிரஷர் மருந்தைச் சேர்ப்பது, வேறு வகைக்கு மாற்றுவது என்று மருத்துவரிடம் வழிகள் இருக்கின்றன. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கால் வீக்கம் பார்க்கத்தான் அசிங்கம். கட்டுப்படாத பிரஷர் மூளையில் ரத்தக்குழாயை உடைக்கும்.

இப்போது அந்தச் சந்தேகம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் செய்யும், பிரஷரையும் ஏற்றும். உங்கள் வரிசையைப் பாருங்கள். முதலில் வலது காலில் வலி. அதற்கு வலி மாத்திரை. சில வாரத்தில் பிரஷர் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பு. அதற்கு அம்லோடிபின் இரட்டிப்பு. பிறகு இரண்டு கால் வீக்கம். வலி மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கடையில் வாங்கிப் போடுவதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. என் யூகம் தப்பாகவும் இருக்கலாம், பிரஷர் வேறு காரணத்தாலும் ஏறியிருக்கலாம். ஆனால் இந்த வரிசையை ஒரு தாளில் தேதியோடு எழுதி மருத்துவர் முன் வைத்தால், ஒரு நிமிடத்தில் அவருக்கு விளங்கிவிடும். வலி மாத்திரையை நிறுத்தி, பிரஷரை மறுபடி அளந்து, பழைய 5 மில்லிகிராமே போதுமா என்று அவர் முடிவு செய்யலாம்.

அப்படியானால் வேர் வலது காலில் இருக்கிறது. அதைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் சுளுக்கு என்று சொல்லி அதிகம் பேர் கைவிடுகிற இடம் அது.

சுளுக்கு பெரும்பாலும் வெளிப்பக்கம் வரும். பாதம் உள்ளே மடங்கி, வெளிப்பக்க ஜவ்வு இழுபட்டோ கிழிந்தோ போகும். இறக்கத்தில் இறங்கும்போது முன்பாதம் கீழ்நோக்கி இருப்பதால் கணுக்கால் மூட்டு அந்த நிலையில் கொஞ்சம் தளர்வாக நிற்கும், அதனால்தான் படியிலும் சரிவிலும் கால் புரள்கிறது. அது நடந்த நேரத்தைச் சொல்ல முடியும்: இன்ன கல்லில் மிதித்தேன், புரண்டது என்று. உங்களுக்கோ உள்பக்கம், எலும்புக்குப் பின்னால், எந்த அடியும் படாமல், மெல்ல மெல்ல வந்திருக்கிறது. கெண்டைக்காலின் ஆழத்திலிருந்து ஒரு சதை இறங்கி, கயிறு மாதிரி தசைநாணாகி, உள்பக்கக் கணுக்கால் எலும்பைச் சுற்றி வளைந்து பாதத்தின் நடுவில் போய்ப் பிடித்திருக்கிறது. பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடிப்பது அந்தக் கயிறு. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு, உடல் எடை கூடினவர்களுக்கு, சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்களுக்கு அது நைந்துபோவது அதிகம். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் பாதம் உள்ளே சாயாமல் பிரேக் பிடிப்பதும், ஏற்றத்தில் குதிகாலை எழுப்ப உதவுவதும் அதுதான். மூன்று மாதத்துக்கு முன்வரை பள்ளிக்கும் வீட்டுக்கும் நடந்த காலுக்குத் திடீரென்று தினமும் ஒரு இறக்கம், 5 கிலோமீட்டர், ஒரு ஏற்றம். கயிறு புகார் சொல்கிறது.

பூம்பாறையிலிருந்து ஒரு அம்மா வந்தார், பூண்டுக் காட்டில் வேலை. இரண்டு வருடமாக உள்பக்க வீக்கம். வலது காலில் கொலுசு இல்லை, இடது காலில் இருந்தது. பூட்ட முடியவில்லை என்று கழற்றிச் சுருக்குப்பையில் வைத்திருந்தார். வாசலில் விட்ட ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். வலது செருப்பின் உள்விளிம்பு குதிகால் பக்கம் காகிதம் மாதிரி தேய்ந்திருந்தது, வெளிவிளிம்பு புதிதாக இருந்தது. சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தபோது, இடது பாதத்தில் வெளிப்பக்கம் ஒன்றரை விரல் தெரிந்தது, வலது பாதத்தில் நாலு விரல் தெரிந்தது. வளைவு முழுக்கச் சரிந்திருந்தது. அந்தக் காலில் மட்டும் நின்று குதிகாலை எழுப்பச் சொன்னேன். உடம்பு முழுக்க முயற்சி செய்தது, குதிகால் தரையை விட்டு எழவே இல்லை. இரண்டு வருடமாக எண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறார்கள். முதல் மாதத்தில் வந்திருந்தால் செருப்பும் பயிற்சியுமே போதுமானதாக இருந்திருக்கும். இப்போது கணுக்காலுக்குப் பிரேஸ் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். மூட்டை தூக்க முடிவதில்லை. அவரை நினைத்துத்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்களும் வீட்டில் பாருங்கள். சுவரில் விரலை வைத்துக்கொண்டு இடது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்குங்கள், பிறகு வலது காலில். வலதில் எழவில்லை என்றாலோ, எழும்போது அந்த எலும்புக்குப் பின்னால் சுருக்கென்றாலோ சந்தேகம் பலப்படுகிறது. காலை நனைத்துச் சிமெண்ட் தரையில் மிதித்து இரண்டு தடத்தையும் ஒப்பிடுங்கள். ஒருபக்கத் தடம் மட்டும் நடுவில் இடுப்பில்லாமல் பட்டையாக விழுந்தால் கவனிக்க வேண்டியது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தசைநாணின் நிலை நன்றாகத் தெரியும்.

வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். தசைநாண் ஆற மாதக்கணக்காகும். வளைவுக்கு முட்டுக் கொடுக்கும் உள்தாங்கி, குதிகாலைச் சுற்றி விறைப்பாகப் பிடிக்கும் ஷூ. வீட்டுக்குள்ளும் வெறும் காலோடு வேண்டாம், தரை சில்லென்று இருக்கிற ஊரில் அது எப்படியும் நல்லது. பயிற்சிக்கு இரண்டு குதிகாலுக்கும் நடுவில் ஒரு டென்னிஸ் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டபடி இரண்டு குதிகாலையும் மெதுவாகத் தூக்கி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். பத்துப் பத்தாக மூன்று தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். லேசான வலி பரவாயில்லை, மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். குறைந்தது 12 வாரம். நடை இருக்கட்டும், ஆனால் ஆறு வாரத்துக்கு இறக்கமும் ஏற்றமும் வேண்டாம். யாராவது வண்டியில் ஏரிக்கரையில் இறக்கிவிட்டால், ஏரிச் சாலை சமதளம், அங்கே அரைச் சுற்றில் ஆரம்பியுங்கள். நைந்த கயிறு குளிரில் விறைத்திருக்கும், அதனால் கட்டிலில் உட்கார்ந்தே பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இன்னும் சில. கால் புரண்டு வீங்கினால் எக்ஸ்ரே வேண்டுமா என்பதற்கு கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் வகுத்த எளிய விதி ஒன்று உண்டு: அடி பட்டவுடனும், மருத்துவர் பார்க்கிற நேரத்திலும் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால், அல்லது இரண்டு பக்கக் கணுக்கால் எலும்பின் கடைசி 6 சென்டிமீட்டரில் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலித்தால் எடுக்க வேண்டும். பாதத்தின் நடுவிலும் அப்படி அழுத்திப் பார்க்கிற இரண்டு இடங்கள் உண்டு. எலும்பு முறியவில்லை என்று தெரிகிற வரை யாரிடமும் சுளுக்கு எடுக்கப் போகாதீர்கள். முதல் மூன்று நாள் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், துணி சுற்றிய ஐஸ் கால்மணி நேரம் போதும்.

போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடிப் பழகுகிற பையன்களுக்கு வெளிப்பக்க எலும்பில் கணுக்காலுக்குச் சற்று மேலே வீக்கம் வரும். ஓட ஓட வலி கூடும், ஒரு விரல் நுனியால் இடத்தைக் காட்டுவார்கள். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். அதை நம்பி ஓடி, மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில் கீறல் தெரிந்த பையனை எனக்குத் தெரியும். அந்த வருடத் தேர்வு அவனுக்குப் போய்விட்டது. ராத்திரியில் திடீரென்று சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கிற வீக்கம் யூரிக் ஆசிட் கூடியதால் வந்ததாக இருக்கலாம். இரண்டு பக்க மூட்டும் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். சமவெளிக்குப் போய்வந்து சிக்குன்குனியா கண்டவர்களுக்கு மாதக்கணக்கில் கணுக்கால் வீங்குவதும் உண்டு. மழைக்காலத்தில் ஈர ஷூவுக்குள் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து, அது வழியாகக் கிருமி ஏறிக் கால் சிவந்து காய்ச்சலோடு வீங்கினால் அது அவசரம், சர்க்கரை உள்ளவர்களுக்கு ரொம்பவே அவசரம். மலை உயரத்தால் வீங்குமா என்றும் கேட்கிறார்கள். லே மாதிரி 3500 மீட்டருக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு முகமும் கையும் உப்பலாம். இரண்டாயிரத்துச் சொச்சம் மீட்டரில் வருடக்கணக்காகக் குடியிருக்கிற நமக்கு அது காரணம் ஆகாது.

டீச்சர், மருத்துவரிடம் போகும்போது ஹீமோகுளோபின், கிரியாட்டினின், தைராய்டு, சிறுநீரில் புரதம் இந்த நான்கையும் பார்க்கலாமா என்று கேளுங்கள், இரண்டு காலும் வீங்குகிற யாருக்கும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. கரண்டைச் சுற்றிக் கருத்து, நரம்பு சுருண்டு தெரிந்தால் அதையும் காட்டுங்கள். வகுப்பில் நின்றே பாடம் எடுக்கிற உங்களுக்கு வால்வு தளர்ந்திருக்கவும் கூடும். உள்பக்க எலும்புக்கு நாலு விரற்கடை மேலே பேனாவால் ஒரு கோடு போட்டு, காலையில் எழுந்ததும் ஒரு தடவை, பள்ளி விட்டு வந்ததும் ஒரு தடவை இரண்டு காலையும் அளந்து ஒரு வாரம் எழுதி வையுங்கள். வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்க முடிந்ததா என்பதையும் அதே தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.